கிரவல் றோட்டும் முன் சொக்கும்

சங்குப்பிட்டிப் பாலத்தின் நீளம் 288 மீற்றர். 2011 ஜனவரியில் அது திறக்கப்படும் வரை, பூநகரியில் இருந்து யாழ்ப்பாணம் போக நினைத்தவர், வழி திறந்திருந்த காலங்களில்கூட, கேரதீவுக்குப் பாதைப் படகு ஏறவேண்டும். இல்லையேல் பரந்தன், ஆனையிறவு என்று சுற்றவேண்டும். இன்று ஏ-32 வீதியில் வரும் மோட்டார் சைக்கிளுக்கு அந்தப் பாலம் அரை நிமிட வேலை.

தார் வீதியில் எந்த பைக்கும் நல்ல பைக்தான். பிரதான வீதியை விட்டு இறங்கும்போதுதான் அதன் குணம் தெரியும். வயற்கரையோடு போகும் கிரவல் ஒழுங்கைகளில் மாரியில் கிடங்கு, கோடையில் புழுதி. கௌதாரிமுனை, மண்ணித்தலைப் பக்கம் என்றால் மணல். அங்கே முன் சில்லு ஒரு கிடங்கின் விளிம்பில் மோதும்போது ‘டொக்’ என்று உலோகச் சத்தம் ஒன்று கேட்கும். ஹான்டிலில் இருந்து தோள்மூட்டு வரை ஏறும் அந்த அடிக்குக் காரணம், முன் சொக் தன் முழு ஓட்டத்தையும் முடித்து அடியில் இடித்துவிட்டது என்பதே. நாலு தரம் அப்படி இடித்தால் போதும், வாகனக்காரர் கராஜில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “முன் சொக்கை மாத்திப் போட்டால் சரிவருமோ?”

சரிவரலாம், வராமலும் போகலாம். எதை மாற்றுவது என்பதைப் பொறுத்தது அது. கடையில் விலை கூடிய சாமானை வாங்கிப் பூட்டுவதற்கு முன்னர் ஒரு அடிமட்டத்தாலும் ஒரு போத்தல் ஒயிலாலும் தீர்க்கக்கூடிய பிரச்சினைகளே இங்கு அதிகம். அதை விளங்கிக்கொள்ள முன் சொக்குக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கவேண்டும்.

வன்னிக்கு இந்தக் கேள்வி இப்போது கூடுதலாகப் பொருந்துகிறது. 2020 மார்ச்சில் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கு வாசல் மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட காலத்தில் புது பைக் கனவாகிப்போக, ஓடி ஓடித் தேய்ந்த பஜாஜ் சி.ரி. 100-உம் டிஸ்கவரும் பல்சரும் ஹீரோ ஸ்பிளெண்டரும் கைமாறி விலையேறி இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. இவையெல்லாம் இந்திய நகரங்களில் ஒருவரோ இருவரோ வேலைக்குப் போய்வருவதை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. முன் சில்லு மேலும் கீழும் அசையக்கூடிய தூரம், அதாவது சொக்கின் ஓட்டம், 100 சி.சி. வகையில் ஏறக்குறைய 110 முதல் 125 மில்லிமீற்றர், 150 சி.சி. வகையில் 130 சுற்று. அந்த நாலைந்து அங்குலத்துக்குள்தான் பூநகரியின் கிடங்குகள் அனைத்தையும் சமாளிக்கவேண்டும்.

இதற்கு முந்திய தலைமுறையினர் ஓடியது வேறு பைக். 1958இல் வந்த ஹொண்டா சுப்பர் கப் வரிசையின் சி. 50, சி. 70, சி. 90 ஆகியவற்றில் முன் சில்லைத் தாங்கியது குழாய்க்குள் குழாய் நழுவும் சொக் அல்ல. கீழே சிறு கைகள் இரண்டில் சில்லு தொங்கி மேலும் கீழும் ஆடும். முன் பிறேக்கைப் பிடித்தால் மற்ற பைக்குகளின் மூக்கு தாழும், கப்பின் மூக்கோ சற்று எழும்பும். ஓடியவர்களுக்கு அந்த விசித்திரம் மறக்காது. வன்னியில் பேர்பெற்ற எம்.டி. 90 அந்தக் குடும்பத்திலேயே பிறந்தது, ஆனால் யப்பானிய அஞ்சற்காரருக்காகச் செய்யப்பட்டது. நாள் முழுக்கக் கடிதப் பையோடு நின்று நின்று ஓடவேண்டிய வண்டி என்பதால் அதற்குக் குழாய்ச் சொக் கொடுத்து, மேலே றப்பர் உறையும் மாட்டினார்கள். அந்த றப்பர் உறையை நினைவில் வைத்திருப்பது நல்லது, பின்னால் தேவைப்படும்.

ஒயிலால் அதிர்வை அடக்கும் குழாய்ச் சொக்கை விற்பனைக்கு வந்த மோட்டார் சைக்கிளில் முதன்முதல் போட்டது ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. 1935இல் வந்த ஆர் 12, ஆர் 17 ஆகியன அவை. தொண்ணூறு ஆண்டு கழித்தும் சி.ரி. 100-இன் முன்பக்கம் அடிப்படையில் அதே ஏற்பாடுதான். ஒரு காலுக்கு ஒரு நீண்ட ஸ்பிரிங், கொஞ்சம் ஒயில், மேலே அடைபட்ட காற்று. மூன்றும் மூன்று வேலை செய்கின்றன. மேம்படுத்தல் என்பது இந்த மூன்றில் ஒன்றையோ பலதையோ மாற்றுவதுதான்.

ஸ்பிரிங் எடையைத் தாங்குகிறது. அதற்கு ஓட்டுபவரின் பெயரோ பைக்கின் விலையோ தெரியாது, மேலே எத்தனை கிலோ என்பது மட்டுமே தெரியும். ஆகவே முதலில் அளக்கவேண்டியது, ஆள் ஏறியதும் முன்பக்கம் எவ்வளவு அமர்கிறது என்பதை. நடு ஸ்ராண்டில் நிறுத்தி, பின்னால் ஒருவர் அழுத்திப் பிடிக்க, முன் சில்லை நிலத்தில் இருந்து தூக்கவேண்டும். சொக்கின் பளபளக்கும் குழாய் தூசிச் சீலுக்கு மேலே எத்தனை மில்லிமீற்றர் தெரிகிறது என்று அடிமட்டத்தால் அளந்து குறித்துக்கொள்ளலாம். பிறகு சில்லை இறக்கி, வழமையாக ஓடுகிறவர் வழமையான சாமானோடு ஏறியிருக்க, இன்னொருவர் மீண்டும் அதே இடத்தை அளக்கிறார். முதலில் 140, பிறகு 105 என்றால் அமர்வு 35 மில்லிமீற்றர். ஓட்டம் 120 மில்லிமீற்றர் உள்ள சொக்கில் அது 29 வீதம். நாலில் ஒன்றுக்கும் மூன்றில் ஒன்றுக்கும் இடையில் இருந்தால் ஸ்பிரிங்கில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அமர்வே இல்லாமல் இறுக்கி வைப்பதுதான் நல்லது என்று நினைப்பவர் உண்டு. கிடங்குக்குள் சில்லு கீழே இறங்கவும் இடம் வேண்டுமே! சொக் முழுதாக நீண்டபடி நின்றால், நிலம் தாழும் இடத்தில் சில்லு அந்தரத்தில் தொங்கும். அந்தரத்தில் தொங்கும் சில்லால் திருப்பவும் முடியாது, பிறேக் பிடிக்கவும் முடியாது.

இன்னொரு சோதனைக்குச் செலவே இல்லை. மின்வயர் கட்டும் பிளாஸ்ரிக் ரை ஒன்றைச் சொக்கின் பளபளக்கும் குழாயைச் சுற்றி, நகரக்கூடிய அளவு இறுக்கத்தில் மாட்டி, சீலோடு ஒட்ட இறக்கிவிட வேண்டும். ஒருநாள் வழமைபோல் ஓடி வந்து பார்த்தால், சொக் அதிகபட்சம் எதுவரை அமுங்கியது என்பதை ரை காட்டிக்கொண்டு நிற்கும். மிக மோசமான கிடங்கில் மட்டும் எல்லையைத் தொட்டிருந்தால் அது சரியான அளவு. தினமும் உச்சியில் முட்டி நின்றால் ஸ்பிரிங் மெத்தனம். எந்த நாளும் பாதியைத் தாண்டவில்லை என்றால், வாங்கிய ஓட்டத்தில் பாதி வீணாகக் கிடக்கிறது.

இந்த அளவீட்டைச் செய்கிறவர்களில் பலர் எதிர்பாராத ஒன்றைக் கண்டுபிடிப்பார்கள்: முன்பக்கத்தில் எடையே போதாது. நாச்சிக்குடா, வலைப்பாடு கரைகளில் மீன் ஏற்றி ஊர் ஊராக விற்பவரின் பைக்கை எடுத்துக்கொள்வோம். பின் கரியரில் பெரிய ரெஜிபோம் பெட்டி, உள்ளே ஐசும் மீனுமாக 60 கிலோ. பெட்டியின் நடு பின் அச்சுக்கு 20 சென்ரிமீற்றர் பின்னால் நிற்கிறது. இரு சில்லுகளின் அச்சுகளுக்கும் இடைத்தூரம் 125 சென்ரிமீற்றர். நெம்புகோல் கணக்குப்படி 60-ஐ 20-ஆல் பெருக்கி 125-ஆல் பிரித்தால் 9.6. அந்த 9.6 கிலோ முன் சில்லில் இருந்து தூக்கப்படுகிறது. பின் சில்லோ 69.6 கிலோவைக் கூடுதலாகச் சுமக்கிறது. ஹான்டில் லேசாகி உதறும், மணலில் முன் சில்லு தன் பாட்டுக்கு அலையும். அவர் முன் சொக்கில் எவ்வளவு காசு கொட்டினாலும் இது மாறாது. பெட்டியை ஒரு சாண் முன்னுக்கு நகர்த்தி அச்சின் மேலே கொண்டுவருவதும், பின் ஸ்பிரிங்கைச் சரிபார்ப்பதும்தான் அவருக்கான முன் சொக் மேம்படுத்தல். பழைய கப்பில் கால் வைக்கும் இடைவெளிக்குள் மொட்டைக்கறுப்பன் அரிசி மூட்டையை நிறுத்திக் கொண்டுபோனவர்கள் இந்தக் கணக்கைப் போடாமலே சரியாகச் செய்தார்கள். அங்கே எடை இரு சில்லுக்கும் பங்காகிறது.

எடை ஒரே இடத்தில் நிற்பதில்லை, அது நகரவும் செய்கிறது. பைக்கும் ஆட்களுமாக 200 கிலோ, எடையின் மையம் நிலத்தில் இருந்து 60 சென்ரிமீற்றர் உயரத்தில் என்று வைப்போம். தார் வீதியில் மாடு குறுக்கிட, புவியீர்ப்பு முடுக்கத்தின் 0.6 மடங்கு வேகத்தளர்வோடு பிறேக் பிடித்தால், பின்னால் இருந்து முன்னுக்குப் பாயும் எடை ஏறக்குறைய 58 கிலோ. மெத்தனமான ஸ்பிரிங் அதிலேயே பெரும்பகுதி ஓட்டத்தைச் செலவழித்துவிடும். அந்தக் கணத்தில் ஒரு கிடங்கும் வந்தால் ‘டொக்’.

ஆக, அளந்து பார்த்ததில் ஸ்பிரிங் மெத்தனம் என்று உறுதியானால் விறைப்பான ஸ்பிரிங் தேடவேண்டும். இங்கேதான் ஊர் வழக்கம் ஒன்று குறுக்கே வரும். சொக்கின் மூடியைக் கழற்றி, ஸ்பிரிங்கின் தலையில் இரண்டு வொஷரோ ஒரு துண்டு பி.வி.சி. குழாயோ வைத்து மூடிவிடுவது. பைக் சற்று உயர்ந்து நிற்கும்; வாகனக்காரர் அழுத்திப் பார்த்துத் திருப்திப்படுவார். உண்மையில் ஸ்பிரிங்கின் விறைப்பு கொஞ்சமும் கூடவில்லை. ஒவ்வொரு மில்லிமீற்றர் அமுங்கவும் முன்பு எத்தனை கிலோ தேவைப்பட்டதோ இப்போதும் அத்தனையே தேவை. அமர்வு ஓரிரு மில்லிமீற்றர் பிசகியிருந்தால் இந்த வைத்தியம் சரி. ஸ்பிரிங்கே போதாத இடத்தில் இது உயரத்தை மட்டும் மாற்றி நோயை அப்படியே விட்டுவைக்கும்.

உண்மையான விறைப்பு மூன்று இடத்தில் இருந்து வருகிறது: கம்பியின் தடிப்பு, சுருளின் அகலம், சுருள்களின் எண்ணிக்கை. இவற்றில் கம்பியின் தடிப்புதான் ராசா. விறைப்பு அதன் நான்காம் அடுக்கில் ஏறுகிறது. 4 மில்லிமீற்றர் கம்பிக்குப் பதில் 4.2 மில்லிமீற்றர் கம்பி என்றால் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, ஆனால் விறைப்பு 21 வீதத்துக்கு மேல் கூடிவிடும். எனவே வேறொரு பைக்கின் ஸ்பிரிங் நீளமும் அகலமும் பொருந்துகிறது என்று வாங்கிப் போடுபவர், வேணியர் அளவியால் கம்பியையும் அளந்து, சுருள்களையும் எண்ணிப் பார்ப்பது நல்லது. ஸ்பிரிங்கில் சில சுருளை வெட்டி எறிந்துவிட்டு, வெட்டிய நீளத்துக்குக் குழாய்த் துண்டு வைப்பது இன்னொரு முறை. சுருள் குறைய விறைப்பு கூடும் என்பதால் இயற்பியலில் இதற்கு நியாயம் உண்டு. ஆனால் அளவோடு வெட்டவேண்டும். முழு ஓட்டமும் முடிய முன்னரே சுருளோடு சுருள் முட்டிவிட்டால் புதிதாக ஒரு ‘டொக்’ பிறக்கும்.

ஸ்பிரிங் வாங்கிய அடியைத் திருப்பிக் கொடுக்கும் சாமான். ஒயில் இல்லாவிட்டால் ஒரு கிடங்கைத் தாண்டிய பைக் அடுத்த ஐம்பது மீற்றருக்கு மூக்கை ஆட்டிக்கொண்டே போகும். அந்த ஆட்டத்தைத் தின்று சூடாக்கிக் கரைப்பது ஒயிலின் வேலை. சொக்குக்குள் நிற்கும் தண்டில் சிறு துளைகள் உண்டு. குழாய் அமுங்கும்போதும் நீளும்போதும் ஒயில் அவற்றுக்கூடாக நெருங்கிப் புகவேண்டும். அந்த நெருக்கடிதான் தணிப்பு.

வெறும் துளையில் ஒரு குணக்கேடு உண்டு. ஒயில் இரு மடங்கு வேகத்தில் புக முயன்றால் எதிர்ப்பு நான்கு மடங்காகும். மூன்று மடங்கு வேகத்தில் ஒன்பது மடங்கு. பிறேக் பிடித்து மூக்கு மெல்லத் தாழும்போது துளை ஏதும் நடவாததுபோல் ஒயிலை விட்டுவிடும். கிடங்கின் கூரான விளிம்பில் சில்லு பட்டென்று ஏறும்போது அதே துளை கதவைச் சாத்திவிடும். தேவையான இடத்தில் மெத்தனம், தேவையில்லாத இடத்தில் முரடு. மலிவான சொக்குகள் எல்லாவற்றுக்கும் பொதுவான சாபம் இது.

ஒயிலின் தடிப்பை மாற்றினால் இரண்டும் சேர்ந்து மாறும். 10 எண் ஒயிலுக்குப் பதில் 15 எண் ஒயில் போட்டால் ஆட்டம் அடங்கும், ஆனால் கூரான அடி கையில் கூடுதலாக ஏறும். போத்தலில் உள்ள 10, 15, 20 என்ற எண்கள் கம்பனிக்குக் கம்பனி வேறுபடுவன. ஒருவரின் 10 இன்னொருவரின் 15-க்கு அண்மையில் நிற்கலாம். எனவே ஒரே கம்பனியின் ஒயிலுக்குள்ளேயே ஏறி இறங்கிப் பார்ப்பதுதான் கெட்டித்தனம். சித்திரை வெயிலில் ஒயில் இளகும் என்பதையும் சேர்த்துக் கணக்கிடவேண்டும்.

ஆனால் தடிப்பைப் பற்றி யோசிக்கும் நிலைக்கே பெரும்பாலான பைக்குகள் வந்திருப்பதில்லை. கராஜில் ஒரு பழைய சொக்கைத் தலைகீழாகக் கவிழ்த்தால் வருவது ஒயில் என்று சொல்லத் தயங்கும் ஒரு சாமான். சாம்பல் நிறம், வெயிலில் பிடித்தால் உள்ளே வெள்ளித் தூளாய் மினுங்கும் உலோகப்பொடி, கெட்டுப்போன மீனின் நாற்றம். இஞ்சின் ஒயிலைத் தவறாமல் மாற்றுகிற மனிதர்கூட முன் சொக்குக்குள்ளும் ஒயில் இருக்கிறது என்பதை, சீல் வெடித்துக் குழாயில் வழியும்போதுதான் நினைப்பார். இரண்டு காலிலும் ஒரே அளவு புது ஒயில், புது சீல், புது தூசிச் சீல். இதைச் செய்துவிட்டு ஒரு கிழமை ஓடிப் பார்க்காமல் வேறெதையும் வாங்கக்கூடாது. பாதிப்பேர் இந்த இடத்தோடு திருப்தியாகி நின்றுவிடுவார்கள் என்று துணிந்து சொல்லலாம்.

மூன்றாவது சாமான் காற்று. யாரும் காசு கொடுத்து வாங்காத ஸ்பிரிங் அது. ஒயிலின் மட்டத்துக்கு மேலே சொக்குக்குள் அடைபட்ட காற்று, குழாய் அமுங்க அமுங்க நெரிபடுகிறது. கணக்கு எளிதாக இருக்க, சொக் நீண்டு நிற்கையில் காற்றுக்கு 160 மில்லிமீற்றர் உயர இடம் என்போம். 120 மில்லிமீற்றர் அமுங்கினால் மிஞ்சுவது 40. அழுத்தம் நான்கு மடங்கு. ஒயிலைக் கொஞ்சம் கூட விட்டு மட்டத்தை 10 மில்லிமீற்றர் உயர்த்தினால், 150 சுருங்கி 30 ஆகிறது. அழுத்தம் ஐந்து மடங்கு. தொடக்கத்தில் ஏறக்குறைய வித்தியாசமே இல்லை, கடைசி ஓரிரு அங்குலத்தில் மட்டும் சொக் தெளிவாக விறைக்கிறது. சாதாரண வீதியில் மெத்தென்று, மோசமான கிடங்கில் மட்டும் இடிக்கிற பைக்குக்கு இதைவிட மலிவான வைத்தியம் இல்லை. அளவு மீறினால் சீல் பிதுங்கும். ஆகவே ஐந்து மில்லிமீற்றர், பிறகு இன்னொரு ஐந்து என்று போகவேண்டும்.

பனிப்பிரதேசத்து ஸ்னோமொபைல்காரர்கள் இதே தத்துவத்துக்குப் பெருங்காசு கொடுக்கிறார்கள். கனடாவின் கியூபெக் மாகாணத்து வல்கோர்ட் ஊரில் ஜோசப்-அர்மான் பொம்பார்டியே 1959இல் ஸ்கீ-டூ வண்டியை விற்பனைக்கு விட்டபோது, அதன் முன் சறுக்குக் கட்டைகளைத் தாங்கியது வெறும் பட்டை ஸ்பிரிங். இன்று மலைப்பனியில் ஓடும் வண்டிகளில் இரு கட்டைக்கும் தனித்தனிக் கைகள், தனித்தனிச் சொக்குகள். வாங்கியவர்கள் அவற்றையும் கழற்றிவிட்டு, உலோக ஸ்பிரிங்கே இல்லாமல் காற்றால் மட்டும் தாங்கும் சொக் போடுவதுண்டு. ஆழமான தூள்பனியில் முன்பக்கத்து ஒவ்வொரு கிலோவும் வண்டியைப் புதைக்கும் என்பதால் இரும்பைக் கழிக்கிறார்கள். குளிரில் காற்றின் அழுத்தம் இறங்கும் என்பதால் வண்டியை வெளியே நிறுத்தி ஆறவிட்ட பிறகே காற்றடிக்கிறார்கள். ரொறன்ரோவில் இருக்கும் பூநகரிக்காரர் ஒருவருக்கு அங்கே −20 பாகை தரும் தலையிடியும், இங்கே இருக்கும் அவர் மச்சானுக்கு 35 பாகை தரும் தலையிடியும் ஒரே விதியில் இருந்து வருவன.

கிடங்கை ஒருவாறு சமாளித்தாலும், கிரவல் றோட்டுக்கு இன்னொரு ஆயுதம் உண்டு. மழை விட்டு வாகனங்கள் ஓட ஓட, வீதிக்குக் குறுக்காக அலையலையாக வரி விழும். வரிக்கு வரி அரை மீற்றர், முக்கால் மீற்றர். இது சொக்குகளின் துள்ளலால் வருவது என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. 2007இல் நிக்கொலா தபெர்லே, ஸ்ரீபன் மொறிஸ், ஜிம் மக்எல்வெய்ன் என்ற மூன்று இயற்பியலாளர்கள் சுழலும் மேடையில் மணலைப் பரப்பி, அதன்மேல் ஒரு சிறு சில்லை ஓடவிட்டார்கள். ஸ்பிரிங்கை எடுத்துவிட்டாலும் அலை வந்தது. சில்லு உருளாமல் பூட்டப்பட்டாலும் வந்தது. மணற்பரப்பில் தத்தும் சில்லின் கணிதம், குளத்தில் எறிந்த தட்டைக்கல் நீர்மேல் தத்திப் போவதை ஒத்தது என்று அவர்கள் கண்டார்கள். ஒரு குறித்த வேகத்துக்குக் கீழே மட்டும் அலை வரவேயில்லை. நடைமுறையில் அந்த வேகத்தில் எவரும் வாகனம் ஓட்டப்போவதில்லை.

ஆகவே வரிகள் இருக்கவே போகின்றன. அவற்றின்மேல் சில்லு என்ன செய்கிறது என்பதே கேள்வி. வரிக்கு வரி 60 சென்ரிமீற்றர் என்றால், மணிக்கு 20 கிலோமீற்றரில் சில்லு விநாடிக்கு 9 அடி வாங்குகிறது. 40இல் 18 அடி. மோட்டார் சைக்கிளின் சில்லு தானாகத் துள்ளும் இயல்பான வேகமோ பொதுவாக விநாடிக்குப் பத்துப் பதினைந்து தடவை என்ற அளவில் நிற்கிறது. அடியின் தாளமும் துள்ளலின் தாளமும் ஒன்றாகும் நேரத்தில் சில்லு நிலத்தைத் தொடும் நேரத்தைவிடக் காற்றில் நிற்கும் நேரம் கூடிவிடும். வளைவில் அப்படி நேர்ந்தால் பைக் வெளிப்பக்கம் நழுவும். வேகத்தைக் கூட்டி அந்தத் தாளத்தைக் கடந்தால் கை நடுக்கம் குறைவதுபோல் இருக்கும், ஆனால் பிறேக்குக்கு அப்போதும் சரியான பிடி இல்லை.

இங்கே உதவுவது சில்லின் இலேசும் நல்ல தணிப்பும். ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கும் எடை, அதாவது றிம், ரயர், பிறேக் தட்டு, சொக்கின் அடிக்குழாய் எல்லாம் சேர்ந்தது, எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு விரைவாகச் சில்லு நிலத்துக்குத் திரும்பும். அழகுக்காக முன்னால் தடித்த ரயரும் கனத்த றிம்மும் போடுகிறவர் வரி றோட்டில் தனக்கெதிராகத் தானே வேலை செய்கிறார். தணிப்பைச் சீர்செய்ய, கலிபோர்னியாவின் ரேஸ் ரெக் போன்ற கம்பனிகள் ஒரு சிறு வால்வு செய்கின்றன. பழைய தண்டின் தலையில் அது அமர்ந்து, மெதுவான அசைவில் ஒயிலை இறுக்கிப் பிடித்து, திடீர் அடியில் தன் சிறு ஸ்பிரிங்கைத் திறந்து வழிவிடும். வெறும் துளையின் குணக்கேட்டுக்கு நேரடி மருந்து அதுவே. பெரிய பைக்குகளுக்கு அருமையான வேலை. 30 மில்லிமீற்றர் தடிப்புச் சொக்கோடு நிற்பவர் தன் அளவுக்கு அது கிடைக்குமா என்று பார்த்த பிறகே ஆசைப்படவேண்டும்.

இத்தனைக்கும் பிறகே முழுச் சொக்கையும் மாற்றும் யோசனை வரவேண்டும். இளைஞர்கள் அதில் இருந்துதான் தொடங்குகிறார்கள், குறிப்பாகத் தடித்த குழாய் மேலேயும் மெல்லிய குழாய் கீழேயுமாக நிற்கும் தலைகீழ்ச் சொக்கில். அது எளிதில் வளையாது, அதிராது என்பது உண்மை. ஓட்டப்பந்தயத்தில் மதிப்பும் உண்டு. ஒழுங்கையில் 40இல் போகிற பைக்குக்கு அந்த விறைப்பால் கிடைக்கும் பயன் சொற்பம். சாதாரண சொக்கின்மேல் மாட்டி அதைத் தலைகீழ்ச் சொக்காகக் காட்டும் பிளாஸ்ரிக் உறைகளும் விற்பனையில் உண்டு. குறைந்தபட்சம் அவை பைக்கைக் கெடுப்பதில்லை!

நீளம் மாறுவதுதான் ஆபத்து. முன்பக்கம் 20 மில்லிமீற்றர் உயர்ந்தால், 125 சென்ரிமீற்றர் அச்சிடைத்தூரம் உள்ள பைக் முழுவதும் ஏறக்குறைய ஒரு பாகை பின்னுக்குச் சாய்கிறது. திருப்பத்துக்கு ஹான்டில் தாமதமாகக் கேட்கும். கம்பனிகள் இதைச் செய்யும்போது பின்பக்கத்தையும் சேர்த்தே மாற்றுகின்றன. இந்தியாவில் ஹீரோ கம்பனி தன் எக்ஸ்பல்ஸ் 200 பைக்குக்கு 2020இல் விற்பனைக்கு விட்ட ரலி தொகுதி முன் ஓட்டத்தை 190 மில்லிமீற்றரில் இருந்து 250-க்கு உயர்த்தியது. பின் சொக், இருக்கை, ரயர் எல்லாம் அதே பெட்டிக்குள் வந்தன. அந்தக் கம்பனியின் அணிக்காக டக்கார் பந்தயங்களில் ஓடியவர் பெங்களூரின் சி.எஸ். சந்தோஷ். 2015இல் டக்காரை ஓடி முடித்த முதல் இந்தியர் அவர். அந்தப் பந்தய பைக்குகளின் முன் ஓட்டம் 300 மில்லிமீற்றர் சுற்று. அத்தகைய முன் சொக்கை மட்டும் எடுத்து சி.ரி. 100-இல் மாட்டினால் டக்கார் வராது, கால் நிலத்தில் எட்டாத ஒரு பைக்தான் வரும்.

பூநகரிக்கென்று ஒரு மேம்படுத்தலைத் தெரிவு செய்யச் சொன்னால், எம்.டி. 90-இன் றப்பர் உறையைத்தான் முதலில் நிறுத்தவேண்டும். ஒருபக்கம் யாழ்ப்பாணக் கடல்நீரேரி, மறுபக்கம் பாக்குநீரிணை; காற்றில் எப்போதும் உப்பு. கிரவல் கல் தெறித்துக் குழாயின் குரோம் பூச்சில் ஊசிமுனையளவு காயம் விழும், அதற்குள் உப்பு புகுந்து துரு புள்ளியாய் எழும்பும். அந்தப் புள்ளி ஒவ்வொரு அமுக்கத்திலும் சீலின் உதட்டைக் கிழிக்கும். புது சீல் மூன்று மாதத்தில் வழிகிறது என்று முறையிடுபவர் குழாயை நகத்தால் மேலிருந்து கீழாகத் தடவிப் பார்க்கலாம். நகம் எங்கே தட்டுகிறதோ அங்கே காரணம் இருக்கிறது. சிறு புள்ளியை மிக நுண்ணிய மணல்தாளால், குழாயைச் சுற்றும் திசையில், உரசிச் சமப்படுத்தலாம். குரோம் உரிந்து செதிலாய்ப் போனால் குழாய் மாற்றத்தான் வேண்டும். உறை மாட்டியவர்கள் மாரி முடிந்ததும் ஒருமுறை அதை உயர்த்தி உள்ளே துடைத்துவிடவேண்டும், தேங்கிய உப்புத்தண்ணீர் உறைக்குள்ளேயே குழாயைத் தின்னும்.

பழைய சாமான் கடையில் சொக் வாங்குகிறவருக்கு, பார்க்கவேண்டியது துரு மட்டுமல்ல. விபத்துப்பட்ட பைக்கில் இருந்து வந்த குழாய் கண்ணுக்கு நேராகத் தெரிந்தாலும் அரை மில்லிமீற்றர் வளைந்திருக்கும். அது சொக்குக்குள் இறுகி, பாதியில் சிக்கும். குழாயைக் கழற்றி ஒரு தட்டைக் கண்ணாடியில் மெல்ல உருட்டினால் வளைந்த இடத்தில் அடியில் வெளிச்சக் கீற்று தோன்றி மறையும். இரண்டு குழாயையும் அப்படி உருட்டிப் பார்த்து, நீளத்தையும் தடிப்பையும் தன் பைக்கின் பழைய குழாயோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, அதன் பிறகு விலை பேசலாம்.